பேஸ் கிட்டாரும் அதன் பழைய வடிவமும்

மனிதன் தன் கைக்கு வந்த கருவியைச் சும்மா விட்டுவைப்பதில்லை. அதைத் திருத்திக்கொண்டும் பெருக்கிக்கொண்டும் புதுக்கிக்கொண்டுமே இருப்பான் என்பது, வாத்தியங்களின் சரித்திரத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தவர்களுக்கும் புலப்படும் உண்மை. தம்பூரா இருந்த இடத்தில் மின்சாரச் சுருதிப்பெட்டி வந்து அமர்ந்தது. காற்றுத் துருத்தியோடு கூடிய ஆர்மோனியத்தை ஒதுக்கிவிட்டுக் கீபோர்ட் மேடையேறியது. நாடாவில் பதிவான இசை கணினிக்குள் குடிபுகுந்தது. இத்தனை மாறுதல்களுக்கும் நடுவே, பிறக்கும்போதே மின்சாரத்தோடு பிறந்ததும், ஆகையால் மற்றெல்லாவற்றையும்விட விரைவாக மாறியிருக்க வேண்டியதுமான ஒரு வாத்தியம், ஏறக்குறைய எழுபது வருஷங்களாகத் தன் ஆதி வடிவத்தை விட்டு நகராமல் நிற்கிறது. அதுதான் பேஸ் கிட்டார். 1951இல் விற்பனைக்கு வந்து 1957இல் பூரணம் பெற்ற பிரிசிஷன் பேஸ், 1960இல் அதைத் தொடர்ந்து வந்த ஜாஸ் பேஸ் ஆகிய இரண்டு வடிவங்களே இன்றும் உலகத்துப் பேஸ் கலைஞர்களில் பெரும்பாலோரின் தோளில் தொங்குகின்றன. இலங்கையின் இரத்தினபுரி மாவட்டத்தில் கஹவத்தையைச் சுற்றியுள்ள எந்தானை, ஹவுப்பே, வெள்ளந்துரை போன்ற தோட்டங்களில் கோயில் திருவிழாவுக்கென்று மேடை போட்டு வாசிக்கும் இசைக்குழுக்களிலும் நான் கண்டது அந்த அச்சைத்தான். கருவி என்னவோ கீழ்த்திசை நாடுகளில் செய்யப்பட்ட மலிவான நகலாக இருக்கும். ஆனால் உடலின் வளைவும், கழுத்தின் நீளமும், தந்திகள் நான்கும் அமெரிக்க மூலத்தின் வார்ப்பாகவே இருக்கும்.

இதைப் பழமைமோகம் என்று சொல்லித் தள்ளிவிடுவோர் உண்டு. பெயர்பெற்ற கலைஞர்கள் கையில் கண்டதைப் பின்வந்தோர் வாங்கினார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் பின்வந்தோர் வாங்கினார்கள், வேறொன்றுமில்லை என்பது அவர்கள் அபிப்பிராயம். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆயினும் விஷயம் அதோடு முடியவில்லை என்பதும், அந்த விசுவாசத்தின் வேர் கருவியின் அழகிலோ பெயரிலோ இல்லாமல், கூட்டிசையில் பேஸுக்கு வாய்த்திருக்கும் ஸ்தானத்திலேயே இருக்கிறது என்பதும் என் முடிவு.

முதலில் கருவியின் பிறப்பைப் பார்ப்போம். பேஸ் கிட்டாருக்கு முன்னால் மேற்கத்திய இசைக்குழுக்களில் மந்தர ஸ்தாயியைத் தாங்கி நின்றது, ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ். அதை ஊருக்கு ஊர் தூக்கிச் செல்வது பெரும்பாடு. தூக்கிச் சென்று சேர்த்தாலும், டிரம்ஸும் மின்சாரக் கிட்டாரும் சேர்ந்து முழங்கும் கூடத்தில் அதன் குரல் எடுபடாது. கழுத்தில் ஃப்ரெட் என்னும் மெட்டுக் கம்பிகளும் இல்லாமையால் சுருதி பிசகாமல் வாசிக்க வருஷக்கணக்கான சாதகம் வேண்டும். அமெரிக்காவின் சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் 1930களிலேயே கிடையாகப் பிடித்து வாசிக்கும் மின்சாரப் பேஸ் ஒன்றைச் செய்து பார்த்தார், அது நிலைக்கவில்லை. கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்திவந்த லியோ ஃபெண்டர் செய்தது நிலைத்தது. இவர் 1909இல் பிறந்தவர், கணக்கியல் படித்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். இந்தக் கடைசி விவரத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தமக்கு வாசிக்கத் தெரியாத காரணத்தால் வாசிக்கிறவர்களிடம் கேட்டுக் கேட்டே அவர் கருவி செய்தார். தம் விரல்களின் விருப்பு வெறுப்புகளை அதில் ஏற்ற அவருக்கு வழியே இருக்கவில்லை. தந்தியின் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பல அளவுகளில் சோதித்துப் பார்த்து 34 அங்குலம் என்று நிர்ணயித்தார். அன்று அவர் வைத்த அந்த அளவே இன்றுவரை இவ்வாத்தியத்தின் பொது அளவாக இருந்து வருகிறது. ஃப்ரெட் வைத்த கழுத்தில் சுருதி துல்லியமாக விழும் என்பதால் பிரிசிஷன் என்று பெயரிட்டார். லயனல் ஹாம்ப்டன் குழுவில் மங்க் மாண்ட்கோமரி 1950களின் தொடக்கத்தில் அதை எடுத்து வாசித்தபோது, ஜாஸ் ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்களாயினும், கருவி தன் வேலையைச் செய்துவிட்டது.

அந்தக் கருவியை மேசைமேல் கிடத்தி, முன்பக்கத்துத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றித் திறந்து பார்த்தால், இவ்வளவுதானா என்று வியப்புண்டாகும். தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப் ஒன்று; ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ்; தொனியை மாற்ற ஒரு குமிழ்; தொனிக் குமிழோடு ஒட்டிய சின்னஞ்சிறு கபாசிட்டர் ஒன்று; வயர் செருகும் துளை. உள்ளே பற்றரி கிடையாது, தகடுகளில் அச்சடித்த மின்சுற்றும் கிடையாது. பழைய வானொலிப்பெட்டியைத் திறந்து பழகிய எந்தக் கையும் இதைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ளும். கஹவத்தைப் பட்டணத்துக் கடைத்தெருவில் ரேடியோவும் டோர்ச் லைட்டும் பழுதுபார்க்கிறவர், கிட்டார் என்ற பொருளையே தொட்டறியாதவராயினும், அறுந்த வயருக்கு ஈயப்பற்று வைத்துக் கொடுத்துவிடலாம். ரேடியோ பழுதுபார்த்த மனிதர் சிருஷ்டித்த கருவி அல்லவா! கழுத்தோ உடலோடு பசையால் ஒட்டப்படாமல் நான்கு திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருக்கிறது. இரத்தினபுரிப் பக்கத்தில் வருஷம் முழுதும் ஓயாத மழையும் புழுக்கமும். மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதுவதும் காய்ந்து சுருங்குவதுமாக இருக்கும். கழுத்து வளைந்தால் உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைச் சிறு சாவியால் முறுக்கி நிமிர்த்தலாம், அதற்கும் மிஞ்சினால் கழுத்தையே கழற்றி வேறொன்று மாட்டலாம். பிற்காலத்தில் வந்த செயலூக்கமுள்ள மின்சுற்றுக் கருவிகளில் ஒன்பது வோல்ட் பற்றரி ஒன்று இருந்தாக வேண்டும். தேர் இழுத்து முடிந்து, நள்ளிரவுக்குப் பிறகு கச்சேரி சூடுபிடிக்கும் வேளையில் அது தீர்ந்துபோனால், பக்கத்தில் கடை எங்கே இருக்கிறது? நகரத்துக் கலையரங்கில் அற்பமாகத் தோன்றும் இந்த வித்தியாசம், பத்துக் கல் தொலைவுக்குத் தேயிலையும் இறப்பருமாகக் கிடக்கும் தோட்டத்தில் கச்சேரியின் மானத்தைக் காப்பதாகிவிடுகிறது.

எனினும் எளிமை ஒன்றையே காரணமாகக் கொள்வதற்கில்லை. எளிமையான கருவிகள் எத்தனையோ அழிந்திருக்கின்றன. இங்கே ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளில் தடித்ததை மீட்டினால் எழும் நாதம், ஒரு செக்கண்டுக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள் கொண்டது. மனிதச் செவி இத்தனை தாழ்ந்த ஒலிக்கு மந்தமானது. நடு ஸ்தாயியில் ஒரு சுவரம் காதில் விழ எவ்வளவு சக்தி தேவையோ அதைப்போலப் பன்மடங்கு சக்தியைச் செலவிட்டால்தான் இது விழும். ஆனால் எந்தத் தந்தியும் தன் மூல நாதத்தை மட்டும் எழுப்புவதில்லை. 82, 124, 165 என்று அதன் மடங்குகளாய் அமைந்த மேல் நாதங்களையும் உடன் எழுப்புகிறது. அந்த மேல் நாதங்கள் ஒழுங்காக வந்து சேர்ந்தால், மூல நாதம் வராவிட்டாலும், அது இருப்பதாகவே செவி அனுமானித்துக்கொள்ளும். உள்ளங்கை அகல ஸ்பீக்கர் கொண்ட டிரான்சிஸ்டர் ரேடியோவால் 41 அதிர்வை எழுப்புவது பௌதிகரீதியில் ஆகாத காரியம்; இருந்தும், தோட்டத்து லயன் குடியிருப்புகளில் காம்பராவுக்குக் காம்பரா அந்தப் பெட்டிகள் பாடிய காலத்தில், இலங்கை வானொலியின் திரைப்பாட்டுகளில் ஓடிய பேஸ் இழைகளைக் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் எத்தனை பேர்! கோயில் மரத்தில் கட்டிய புனல் ஒலிபெருக்கியின் கதையும் இதுவே. அடிநாதம் அதில் ஏறவே ஏறாது. மேல் நாதங்கள்தாம் ஏறும்.

1957இல் பிரிசிஷன் பேஸுக்கு ஃபெண்டர் பொருத்திய பிக்கப், இரண்டு துண்டாகப் பிளந்தது. கீழ் ஸ்தாயித் தந்திகள் இரண்டுக்கு ஒரு பாதி, மேல் ஸ்தாயித் தந்திகள் இரண்டுக்கு மறு பாதி. முதற்பாதி கழுத்துப் பக்கமாகவும் மறுபாதி தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பாலத்துப் பக்கமாகவும் சற்று விலகியிருக்கும். இரு பாதிகளின் சுற்றும் காந்த முனையும் ஒன்றுக்கொன்று எதிரானவையாதலால், மின்விளக்குகளிலிருந்தும் ஜெனரேட்டரிலிருந்தும் வந்து புகும் இரைச்சல் தனக்குத்தானே அடிபட்டுப் போகும். அந்தப் பிக்கப் அமைந்த இடம், தந்தியின் மூல நாதமும் மேல் நாதங்களும் ஒன்றையொன்று விழுங்காமல் கலந்து கிடைக்கும் இடம். கிட்டாரும் பாடகரின் குரலும் புழங்கும் ஸ்தாயிக்குச் சற்றுக் கீழே, டிரம்ஸின் பெரிய மத்தளத்துக்குச் சற்று மேலே, யாரும் குடியேறாமல் ஒரு சின்ன வெளி இருக்கிறது. இந்தக் கருவியின் ஓசை போய் நிறைவது அந்த வெளியில். தனியே கேட்டால் கொஞ்சம் முரட்டுத்தனமாக, மெருகில்லாததாக, உறுமலாகத் தோன்றும் அதே ஓசை, ஏனைய வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்தவுடன் தன் இடத்தில் போய் அமைதியாக உட்கார்ந்துகொள்கிறது.

இதற்குத் தலைசிறந்த சாட்சி ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராயிட்டின் மோட்டவுன் ஸ்தாபனத்தில் 1959 முதற்கொண்டு வாசித்த இவர், டபுள் பேஸிலிருந்து மின்சாரப் பேஸுக்கு மாறியவர். 1962ஆம் வருஷத்துப் பிரிசிஷன் பேஸ் ஒன்றைக்கொண்டே அமெரிக்க ஜனரஞ்சக இசையின் அடித்தளத்தை மாற்றியமைத்தார். மேற்பரப்பு வழுவழுப்பான தட்டைச் சுற்றுத் தந்திகளையே போட்டார். அறுந்தாலன்றி அவற்றை மாற்றமாட்டார். வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே மீட்டினார். அழுக்கேறிய பழந்தந்தியின் மொத்தையான நாதம் பாட்டின் உள்ளே ஊடுருவி நிற்கும் என்பதை அவர் செவி கண்டிருந்தது. அவருடைய வாத்தியம், 1983 ஆகஸ்டில் அவர் காலமாவதற்குச் சில நாட்களுக்கு முன் திருட்டுப் போய்விட்டது. வாத்தியம் போனாலும், பேஸ் என்றால் இப்படி ஒலிக்க வேண்டும் என்ற இலக்கணத்தை அதற்குள் அவர் எழுதிவிட்டிருந்தார். ஜாஸ் பேஸுக்கு அத்தகைய இலக்கணத்தைத் தந்தவர் ஜாக்கோ பாஸ்டோரியஸ். இவரும் 1962ஆம் வருஷத்துக் கருவியையே எடுத்து, ஃப்ரெட்டுகள் நீங்கிய கழுத்தின்மேல் படகுக்குப் பூசும் எபோக்சியைப் பூசி, 1976இல் வெளியிட்ட தம் முதல் இசைத்தட்டில் பேஸைப் பாட வைத்தார். ஃப்ரெட் இல்லாமல் வாசித்தவர் கூட உடலின் வடிவத்தையும் பிக்கப் அமைப்பையும் மாற்ற வேண்டுமென்று நினைக்கவில்லை.

இனி, இவ்வாராய்ச்சியில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த சம்பவத்துக்கு வருகிறேன். லியோ ஃபெண்டர் தம் கம்பெனியை 1965இல் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 130 இலட்சம் டாலருக்கு விற்றார். விற்றபின் ஓயவில்லை. மியூசிக் மேன் என்னும் பெயரில் 1976இல் ஸ்டிங்ரே பேஸைக் கொண்டுவந்தார்; பற்றரியால் இயங்கும் முன்பெருக்கி அதில் இருந்தது. 1980ஐ ஒட்டி ஜி அண்ட் எல் என்ற கம்பெனியைத் தொடங்கி, 1991இல் இறக்கும்வரை திருத்தங்கள் செய்துகொண்டே இருந்தார்; பழையவற்றைவிட இவையே மேலானவை என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அளவுகோல் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். ஸ்டிங்ரே தனக்கென்று ஒரு மரபையே உண்டாக்கிக்கொண்டதும் மெய். ஆயினும் பெரும்பாலான வாத்தியக்காரர்கள், சிருஷ்டிகர்த்தாவே கைவிட்டு வந்த முதற்கருவியைக் கைவிட மறுத்தார்கள். தான் செய்ததைவிடச் சிறந்ததைத் தானே செய்துகொண்டு வந்து நீட்டும் ஒருவரிடம், ஐயா, எங்களுக்கு உங்கள் பழையது போதும் என்று ஒரு தொழிற்கூட்டமே சொன்னதாக வேறு உதாரணம் எனக்கு எளிதில் தென்படவில்லை.

நெட் ஸ்டைன்பெர்கரின் அநுபவமும் இத்தகையதே. 1980 அளவில் அவர் கொண்டுவந்த பேஸில் தலை கிடையாது. உடல் என்று சொல்லத்தக்கது ஒரு சிறு பெட்டி. கழுத்து மரத்தால் ஆகாமல் கரிம இழையால் ஆனது. ஆகவே மழைக்கும் வெயிலுக்கும் அது அசையாது. ஃபெண்டர் வகைக் கழுத்துகளில் மேல் தந்தியின் ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது ஃப்ரெட்டுகளை ஒட்டி நாதம் சட்டென்று அடங்கிவிடும் ஒரு செத்த இடம் உண்டு. கழுத்து மரம் அந்த அதிர்வைத் தானே உறிஞ்சிக்கொள்வதால் நேரும் குறை அது. ஸ்டைன்பெர்கரின் கருவியில் அந்தக் குறை இல்லை. எல்லாச் சுவரங்களும் ஒரே சீராக ஒலித்தன. சில வருஷங்கள் உலகமே அதன் பின்னால் போயிற்று. பிறகு பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். செத்த இடத்தை அறிந்த வாத்தியக்காரன் அதே சுவரத்தை அடுத்த தந்தியில் பிடித்துக்கொள்கிறான். அந்த விலகலே அவன் வாசிப்பின் நடையாகிவிடுகிறது. புதிய கருவிகள் தீர்த்துவைத்த குறைகள் யாவும் பேஸ் தனித்து ஒலிக்கும்போது தெரிபவை. கூட்டத்துக்குள் புகுந்து ஒலிக்கும்போது எது தேவையோ அது பழைய கருவியில் முன்பே இருந்தது. பேஸ் கலைஞனின் வாழ்நாளில் தனித்து ஒலிக்கும் நேரம் எவ்வளவு? கடைக்குள் நின்று விலை பேசும் நேரம்தான்!

பேஸ் எப்படி ஒலிக்க வேண்டும் என்ற இலக்கணம் தமிழ்ச் செவிக்கு வந்து சேர்ந்த வழி திரையிசை. நம் சங்கீதத்தில் தம்பூரா ஒரே ஆதார சுருதியில் நிலைத்து நிற்கும். அடியில் நின்றுகொண்டே நடந்துபோகும் குரல் நம் மரபுக்குப் புதிது. 1976இல் அன்னக்கிளி படத்தோடு வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர், கிட்டார் வாசித்துப் பிழைத்தவர்; வாத்தியம் ஒவ்வொன்றுக்குமான சுவரங்களைத் தம் கையாலேயே எழுதுபவர். அவர் பாட்டுகளில் பேஸ், மெட்டின் நிழலாகப் பின்தொடராமல், தனக்கென்று வேறொரு மெட்டை எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் நடக்கும். அந்த இழைகளைச் சசிதரன் போன்ற கலைஞர்கள் வாசித்துப் பதிந்தபோது, நான்கு தந்திகளின் எல்லைக்குள்ளேயே இவ்வளவு விஸ்தாரம் இருக்கிறதா என்று கேட்டோர் பிரமித்தார்கள். பின்னர் ஏ. ஆர். ரஹ்மானின் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததும் இவ்வழியின் நீட்சியே. தோட்டத்துப் பையன் ஒருவன் பேஸ் பழக உட்காரும்போது, அவன் காதுக்குள் ஏற்கனவே குடியிருக்கும் ஓசை அந்தப் பதிவுகளின் ஓசை. அதைத் தரும் கருவியே அவனுக்கு நல்ல கருவி. இதைப் பழக்கம் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளலாம். மொழியும் அத்தகைய பழக்கந்தான்.

பழைய கருவியை விடாத இந்த மனோபாவம் தோட்டங்களில் பேஸ் வருவதற்கு வெகுகாலம் முன்பே வேரூன்றியிருந்தது. விடியற்காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பிரட்டுக்களத்துக்கு அழைக்கவும், மாசியில் காமன் கூத்தாடவும், திருவிழாவுக்கும், சாவுக்கும் ஒலித்த தப்பு என்னும் தோற்கருவியைப் பாருங்கள். மரச் சட்டமும், அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய தோலும், ஒரு கையில் தடித்த அடிக்குச்சியும் மறுகையில் மெல்லிய சிண்டுக்குச்சியும், அவ்வளவே. ஈரக்காற்றில் தோல் தளரும். வைக்கோலையோ சருகையோ கொளுத்தி, அந்தச் சூட்டில் காட்டிக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடியும் காட்டிக் காய்ச்சித்தான் அடிக்க முடியும். இரத்தினபுரி அடங்கிய சபரகமுவையின் மழையில் இது எத்தகைய தொல்லை என்பதை விவரிக்க வேண்டியதில்லை. நனைந்தாலும் தளராத செயற்கைத் தோல் இன்று கடையில் கிடைக்கிறது. வசதிக்காக அதை வாங்கியவர்களும் உண்டு. ஆனால் தேர்ந்த தப்புக்காரர்கள் விலங்குத் தோலையே நாடுகிறார்கள். நெருப்பில் காய்ந்த தோலின் நடுவில் அடிக்குச்சி விழும்போது எழும் அடித்தொனி, ஆடுகிறவனின் காலில் போய்ச் சேர்கிறது, செயற்கைத் தோலின் கணீரொலி காதோடு நின்றுவிடுகிறது என்பது இவர்கள் அநுபவம். பிரிசிஷன் பேஸை விடாதவனும் தோலை விடாதவனும் காப்பாற்றுவது ஒன்றையே: பிறர் ஆடவும் பாடவும் தாங்கள் அடியில் தரவேண்டிய உறுதி.

எல்லா விசுவாசத்தையும் நான் ஆதரிப்பதாக எண்ணிவிடக் கூடாது. 1965க்கு முந்தைய ஃபெண்டர் என்ற ஒரே காரணத்துக்காகக் கொள்ளைப் பணம் கொடுப்பது வியாபாரிகள் வளர்த்த மூடபக்தி. அதே அளவுகளில் இன்று செய்யப்படும் சாமானியக் கருவி அதே வேலையைச் செய்யும். ஐந்தாவது தந்தியை வெறுப்பதற்கும் நியாயமில்லை. 31 அதிர்வுகள்வரை இறங்கும் அத்தந்தி, கீபோர்டின் ஆழத்துக்கு நிகராக நிற்க வேண்டிய பாட்டுகளுக்கு அவசியமே. மும்பையில் பிறந்து உலகமெங்கும் வாசித்துவரும் மோகினி தே போன்ற இளந்தலைமுறையினரைக் கேட்டால், பேஸ் தனித்து ஒலித்தும் சபையைக் கட்டிப்போடும் என்பது விளங்கும். அவர்களுக்கு வேறு கருவி வேண்டும், வேண்டியதை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

கஹவத்தைப் பக்கத்து இசைக்குழுக்களில் பழைய பேஸுக்குப் போட்டியாக வந்திருப்பது புதிய பேஸ் அன்று; கீபோர்ட் கலைஞரின் இடக்கையும், முன்கூட்டியே பதிவு செய்து கொண்டுவரும் டிராக்கும்தான். ஆள் ஒன்று குறைந்தால் கூலி ஒன்று மிச்சம் என்ற கணக்கு அது. திருவிழாச் செலவைச் சம்பளத்தில் பிடித்துக் கட்டும் மக்களிடம் அந்தக் கணக்கைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பாடகர் ஓரடி தாமதித்தால் கூடவே தாமதிக்கவும், தப்பும் டிரம்ஸும் சேர்ந்து வேகமெடுத்தால் கூடவே எடுக்கவும் டிராக்குக்குத் தெரியாது. புதிதாகக் குழு தொடங்கும் இளைஞர்கள் என்னிடம் ஆலோசனை கேட்கும்போது, பற்றரி இல்லாத நான்கு தந்தி நகல் ஒன்றை, கழுத்து நேராக இருக்கிறதா என்று மட்டும் கண்ணால் நூல்பிடித்துப் பார்த்து, இரண்டாங்கை விலைக்கு வாங்குங்கள்; மிச்சப்படும் பணத்தைப் பன்னிரண்டு அல்லது பதினைந்து அங்குல ஸ்பீக்கர் பெட்டியில் போடுங்கள் என்று சொல்கிறேன். புனல் ஒலிபெருக்கியில் மேல் நாதம் மட்டும் கேட்டு வளர்ந்த நம் ஜனங்கள், அந்தத் தந்தியின் மூல நாதத்தையும் ஒருமுறை நெஞ்சில் வாங்கிப் பார்க்கட்டும்.